மூன்றாவது கம்பிக்கு ஒரு வழி

போன வாரம் செங்கம் ரோட்டிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பிய அருணாதேவி, இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடுங்கோபத்தில் இருந்தாள். அழுகைக்கு அது எவ்வளவோ தேவலாம். கோபம் இருந்தால் காரியம் நடக்கும் என்பது கலெக்டர் ஆபீசில் ஆறு வருடமாக இளநிலை உதவியாளராக இருந்து அவள் கற்றுக்கொண்ட பாடம்.

கோபம் வேறு யார் மேலும் இல்லை. பெற்ற தகப்பன் மேல்தான்.

"அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்த தருமன், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. இன்றைக்குத்தான் அதில் ஏதோ புதிதாகத் தெரிகிற மாதிரி பார்த்தார்.

"கேக்குறேன் இல்ல?"

"பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு நர்ஸ் சொல்லுச்சு. சாப்பிடல."

"அது ராத்திரி பத்து மணிக்கு மேல. நான் நேத்து காலையில இருந்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறேன்."

தருமன் மறுபடியும் மலையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் திண்டிவனம் ரூட்டில் அரசு பஸ் ஓட்டியவர். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினாலும் இப்படித்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கட்டில் பக்கத்தில் நர்ஸ் பொன்னி ரத்தப் பரிசோதனைத் தாளுடன் நின்றாள். "போன வாரம் டெஸ்ட்ல எல்லாம் சரியா இருந்துச்சுக்கா. இன்னிக்கு கிட்னியில உப்பு ஏறியிருக்கு. உடம்புல தண்ணியே இல்ல. நேத்து சாயங்காலம் அட்மிஷன் போட்டப்ப, நாலு இட்லி சாப்பிட்டாருன்னு அம்மா சொன்னாங்க."

அருணா அம்மாவின் பக்கம் திரும்பினாள். வள்ளி, ஒரு சுருக்கமும் இல்லாத போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தக் கை அப்படிப் போனால் மனதுக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நேத்து கிருத்திகை," என்றாள் வள்ளி, போர்வையிடம்.

அவ்வளவுதான். மீதியை அருணாவே கூட்டிக்கொண்டாள். கிருத்திகை என்றால் அப்பா பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மறுநாள் குளித்த பிறகுதான் வாய் நனைப்பார். முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்த மாதத்திலிருந்து ஒரு கிருத்திகை தவறியதில்லை. ஆறு மாதம் முன்னால் நெஞ்சில் பேஸ்மேக்கர் பெட்டி வைத்த பிறகு டாக்டர்கள் கூடாது என்றார்கள், விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"டாக்டரே பட்டினி இருக்கச் சொல்றாரு," என்றார் தருமன் மெதுவாக. "சாமியும் அன்னிக்கே இருக்கச் சொல்லுது. ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றப்ப நடுவுல நான் யாரு?"

"நீர் மாத்திரை?"

"அது ரெண்டு வேளையும் போட்டேன். மருந்த விடக்கூடாது இல்ல?"

பொன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு பக்கம் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், மறுபக்கம் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றுகிற மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்ட மனிதரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அருணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு நாளுக்காக அவர்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

தருமனின் இதயத்தில் வலது பக்கம் முதலில் சுருங்கும். இடது பக்கம் தாமதமாக, யாரோ எழுப்பிவிட்ட மாதிரி சுருங்கும். சாமி தூக்குகிறவர்களில் பின்னால் இருப்பவர் அடி தப்பினால் வாகனம் என்ன பாடுபடும், அந்தப் பாடு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மல்லாந்து படுத்தால் இருமல். ஆறு மாதம் முன்னால் சென்னையில் பெட்டியை வைத்து, வலது பக்கம் இரண்டு கம்பிகளை இறக்கினார்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக நடக்க வைப்பது மூன்றாவது கம்பிதான். அது இடது பக்கச் சுவரில் உட்கார வேண்டும். அங்கே போக ஒரே வழி, இதயத்தின் பின்பக்கமாகச் சுற்றி ஓடுகிற ரத்தக்குழாய். அதிலிருந்து ஒரு கிளை அந்தச் சுவருக்கு இறங்கும். அந்தக் கிளை சென்னையில் கிடைக்கவில்லை. படம் எடுக்கும் நேரம் பார்த்து இவர் இருமித் தொலைத்தார், படம் கலைந்தது.

கிளை கிடைக்காவிட்டால் விலாவைத் திறந்து வெளியிலிருந்து கம்பியை வைக்க வேண்டும். அந்த ஆபரேஷனை இந்த இதயம் தாங்குமா என்று கேட்டபோது, மயக்க மருந்து டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அருணா அந்தப் பேனாவை மறக்கவில்லை.

வேங்கிக்கால் தாண்டி இந்தப் புது இருதய ஆஸ்பத்திரி திறந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. ரத்தக்குழாய்களைப் படம் பிடித்து வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய டாக்டர் சக்கரபாணி, மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து வருவார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கார் ஏறிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

எட்டு மணிக்கு அவர் வந்தார். தாளைப் பார்த்தார். தருமனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நாலு இட்லின்னு எழுதியிருக்கு. ரத்தத்துல அது தெரியலையே."

"கிருத்திகைங்க," என்றாள் வள்ளி.

"அம்மா, நீங்க விரதம் இருங்க, நான் வேணாங்கல. ஆனா என்கிட்ட ஒண்ணை மறைச்சா அது இவர் உடம்புல போய் நிக்கும். படம் எடுக்க ஒரு மருந்து ஏத்துவோம். அந்த மருந்தை வெளிய தள்ளுறது கிட்னி. அது இப்ப காஞ்சு கிடக்கு. மருந்து ஜாஸ்தி போனா கிட்னி மடங்கிடும்."

"அப்ப இன்னிக்கு இல்லைங்களா?" என்றாள் அருணா.

"அடுத்த மாசம்னு சொல்லிட்டுப் போகலாம். இவருக்கு மூச்சு வாங்குறதப் பாத்தா அடுத்த மாசத்த நம்ப முடியல." அவர் பொன்னியிடம் திரும்பினார். "டிரிப்ஸ் மெதுவா ஏத்துங்க. வேகமா ஏத்துனா நுரையீரல்ல தண்ணி சேரும். ரெண்டு மணிக்கு எடுத்துக்கலாம். ரெண்டே ரெண்டு படம். மூணாவது படத்துக்கு மருந்து கிடையாது."

வழக்கமாக எத்தனை படம் எடுப்பீர்கள் என்று அருணா கேட்டாள்.

"கிடைக்கிற வரைக்கும்," என்றார் டாக்டர்.

வெயில் ஏறியது. சொட்டு சொட்டாக உப்புத் தண்ணீர் இறங்கியது. வள்ளி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் கண்காணித்தாள், ஒன்று குறைந்தாலும் கேட்டுவிடுவாள் போல.

அருணா வராண்டாவில் நின்று செல்போனைப் பார்த்தாள். அண்ணனிடமிருந்து எதுவும் இல்லை.

சரவணகுமார் இங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறான். கண்டக்டர் வேலைக்கு வந்த கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காபியும் ரொட்டியும் விற்கிற கடை போட்டான். "அந்தக் கடை வாசல்ல என் நிழல் விழாது" என்றார் அப்பா. மூன்று வருடமாக விழவில்லை. போன வாரம் விஷயத்தைச் சொல்ல அருணா போனபோது, அண்ணன் ஒரே மேஜையை மூன்று தடவை துடைத்தான். "அவர் கூப்பிடட்டும், வரேன்," என்றான். கடைக்குள் மல்லிகைப்பூ வாசனை அடித்தது. ரொட்டிக் கடையில் மல்லிகை எதற்கு என்று கேட்கிற நிலையில் அவள் அன்றைக்கு இல்லை.

இங்கே அப்பா என்ன சொன்னார்? "வரணும்னு தோணுனா வருவான்."

ஒருவர் கூப்பிட மாட்டார், ஒருவன் கூப்பிடாமல் வர மாட்டான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

இரண்டு மணிக்குத் தருமனை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அவர் அருணாவின் கையைப் பிடித்து, "எத்தினி நேரம் ஆனாலும் வண்டி ஊர் போய்ச் சேரும், பயப்படாத," என்றார். மயக்க மருந்து இல்லை. தோள் பக்கம் மட்டும் மரத்துப்போக ஊசி.

மூன்று மணிக்குப் பொன்னி வெளியே வந்தாள். "அக்கா, டாக்டர் உங்கள உள்ள கூப்பிடுறாரு. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

இந்த ஆஸ்பத்திரியில் இது வழக்கம். நடுவில் ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருந்தால் வீட்டு ஆளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார்கள். அது அருணாவுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து நடந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் டி.வி. மாதிரி நாலு திரைகள். அந்தப் பக்கம் அப்பா, பச்சைத் துணிக்கு அடியில். முகம் மட்டும் தெரிந்தது. டாக்டர் கண்ணாடி அருகே வந்து மைக்கில் பேசினார்.

"நடுத் திரையப் பாருங்க. இதுதான் உங்கப்பாவோட இதயம்."

சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. பின்பக்கக் குழாயின் வாயை ஒரு குட்டி பலூன் அடைத்தது. மருந்து பாய்ந்ததும், ஒன்றுமில்லாத இடத்தில் கறுப்பாகக் கோடுகள் முளைத்தன. வளைந்து போகிற ஒரு தடித்த கோடு. அதிலிருந்து முன்பக்கம் ஒன்று, அடியில் ஒன்று. இரண்டு நொடியில் எல்லாம் கரைந்தன. திரும்பவும் அதே படம் ஓடியது. அந்த நெஞ்சில் தலை வைத்துத்தான் அவள் சின்ன வயதில் தூங்கியிருக்கிறாள். அதற்குள் இப்படி ஒன்று ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"நமக்கு வேண்டிய சுவர் இது," டாக்டர் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். அது வெறுமையாக இருந்தது. "இங்க இறங்குற கிளை தெரியல. முன்பக்கக் கிளையில வெச்சா பிரயோஜனம் கம்மி. இன்னும் ஒரு படத்துக்கு மருந்து இருக்கு. ஒண்ணு, இதோட நிறுத்திட்டு கிட்னியக் காப்பாத்தலாம், ஆபரேஷன் பத்தி அப்புறம் யோசிக்கலாம். இல்ல, இன்னொண்ணு எடுக்கலாம். அதுலயும் தெரியலைன்னா, மருந்தும் போச்சு, வழியும் இல்ல."

அருணாவுக்குக் கீழ்பென்னாத்தூர் சித்தப்பா ஞாபகம் வந்தார். கிட்னி போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு வேலூர் பஸ்ஸில் போய் வந்து, எலும்பும் தோலுமாகிப் போனவர். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், இதை எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தீங்க?"

"இடது பக்கம் மிஷினைச் சாய்ச்சு."

"வலது பக்கம் சாய்ச்சா வேற மாதிரி தெரியுமா?"

டாக்டர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "தெரியலாம். பெரிய குழாய்க்குப் பின்னாலயே ஒரு கிளை ஒட்டிட்டு நின்னா, இந்தப் பக்கத்துல இருந்து அது காட்டாது. எனக்கு அப்படி ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகம்தான், உறுதி இல்ல."

மைக்கில் இன்னொரு குரல் வந்தது. மேஜை மேல் படுத்திருந்த அப்பாவின் குரல்.

"ஒரு பக்கக் கண்ணாடிய மட்டும் பாத்து எவனாவது வண்டிய ரிவர்ஸ் எடுப்பானா? எடுக்கச் சொல்லும்மா."

"அப்பா, நீங்க பேசாதீங்க. உங்களாலதான் ரெண்டு படம்னு ஆச்சு."

மெஷின் ஓட்டுகிறவர் குனிந்து சிரித்தார்.

அருணா ஒரு மூச்சு இழுத்தாள். பயம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டு, அங்கே கிளை இருந்ததோ இல்லையோ என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

"எடுங்க சார். கையெழுத்து எங்க போடணும்?"

பெரிய வளையம் தருமனின் மேல் மெதுவாக மறுபக்கம் சாய்ந்தது.

"ஐயா, மூச்ச இழுத்துப் புடிங்க. இருமல் வந்தா முழுங்குங்க."

"ம்."

மருந்து பாய்ந்தது. தடித்த கோடு வந்தது. முன்கிளை வந்தது. அருணா இமைக்கவில்லை. பிறகு, தடித்த கோட்டுக்குப் பின்னாலிருந்து, ஒல்லியாக, வாய்ப்பக்கம் கொக்கி மாதிரி பின்னால் வளைந்து, ஒரு கிளை இறங்கியது. அந்த வெறுமையான சுவரின் நடுவில் நேராக இறங்கியது.

"இருக்கு," என்றார் டாக்டர். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு படத்தை உறைய வைத்து, பக்கத்துத் திரையில் போட்டார்கள். இனி மருந்து இல்லை. அதைப் பார்த்தே வழி போக வேண்டும். மயிர் மாதிரி ஒரு கம்பி அந்தக் கொக்கி வளைவில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திரும்பியது. அதன்மேல் மூன்றாவது கம்பி ஊர்ந்து போய் உட்கார நாற்பது நிமிஷம் ஆனது. அருணாவை யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை.

"இப்ப துடிப்பு குடுத்துப் பாக்குறோம். ஏதாவது தெரியுதா ஐயா?"

"வயித்துல யாரோ உதைக்கிற மாதிரி இருக்குது சார். இந்த வயசுல."

மெஷின் அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் ஓடுகிற நரம்பில் மின்சாரம் பட்டால் அப்படித்தான் வயிறு குதிக்குமாம். டாக்டர் கம்பியை ஒரு விரல்கடை பின்னால் இழுத்தார். "இப்ப?"

"இப்ப நின்னுடுச்சு."

ஓரத் திரையில், இத்தனை மாதமும் அகலமாக, தள்ளாடி ஓடிக்கொண்டிருந்த ஈ.சி.ஜி. கோடு, ஒல்லியாக நிமிர்ந்து நின்றது. அதற்கு அர்த்தம் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அருணா அழுதாள். இந்த அழுகைக்கு அவள் வெட்கப்படவில்லை.

ஆறு மணிக்குக் காரில் ஏறும் முன் டாக்டர் சக்கரபாணி வார்டுக்கு வந்தார். "ரெண்டு நாள் கிட்னி டெஸ்ட் பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் நான் நிம்மதியா தூங்குவேன். கம்பி நல்ல இடத்துல இருக்கு. உடம்பு பழகிக்க சில வாரம் ஆகும்." வள்ளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, இனிமே எதையும் மறைக்காதீங்க."

வள்ளி போர்வையை நீவினாள்.

தருமன் ஒரே தலையணையில் படுத்திருந்தார். இருமவில்லை. வள்ளி ஊட்டிய கஞ்சியை, கிருத்திகை முடிந்த மனிதராக, திருப்தியாகக் குடித்தார்.

பொன்னி ஒரு சின்ன அட்டையுடன் வந்தாள். பெட்டி வைத்தவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டை. "அக்கா, அவசரத்துக்கு யாருக்குச் சொல்லணும்னு ஒரு பேரு, ஒரு போன் நம்பர் எழுதுங்க."

அருணா தன் பேரின் முதல் எழுத்தை எழுத ஆரம்பித்தாள்.

"உன் பேரு வேணாம்," என்றார் தருமன்.

"ஏம்பா?"

"நீ கல்யாணமாகி எந்த ஊருக்குப் போவியோ. அவன் பேரப் போடு."

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அருணாவின் கையில் பேனா அப்படியே நின்றது.

"நம்பர் உன்கிட்ட இருக்கு. போன வாரம் நீ செங்கம் ரோட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுல எனக்குத் தெரியாத கண்டக்டரா?" அவர் கையை நீட்டினார். "போனப் போட்டுக் குடு. நான் கூப்பிட்டாத்தான் வருவானாம். கூப்பிடுறேன்."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அதை அவர் இருமலில் மறைக்கப் பார்த்தார், இருமல்தான் வரவில்லை.

அருணா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு அவர் கையில் கொடுத்தாள். முப்பத்தொரு வருடம் என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு இடது காது மந்தம். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"சரவணா," என்றார் தருமன். "அப்பா பேசுறேன்டா. நல்லா இருக்கேன். வாடா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. நம்ம ஊர்க் குரல்தான். சின்னக் குரல், அழுத குரல்.

"மாமா, அவரு இப்பதான் அங்க கிளம்பி வராரு. போன இங்கயே வெச்சிட்டுப் போயிட்டாரு. நாளு பூரா சாப்பிடவே இல்ல. உங்களுக்கு இப்ப எப்படி இருக்குது மாமா?"

அருணா அசையாமல் நின்றாள். மல்லிகைப்பூ வாசனை எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு இப்போது விளங்கியது.

தருமன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தடவை பார்த்தார். கட்டில் தலைமாட்டில் ஈ.சி.ஜி. கோடு ஒல்லியாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

வள்ளி, ஒரு சுருக்கமும் இல்லாத போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.